டாஃபடில் வளர்க்க: பூவை விட இலையைக் கவனியுங்கள்

வசந்தத்தில் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ பூக்கும் கிழங்குச் செடி டாஃபடில். நடுவதற்காக வாங்கி வைத்த அதன் கிழங்குகளில் ஏதாவது ஒன்று அடிபட்டு நசுங்கியிருந்தால் உடனே தூக்கி எறிய வேண்டாம். கையுறை போட்டுக்கொண்டு அதை மேலிருந்து கீழாக நேர்பாதியாக வெட்டிப் பாருங்கள். வெங்காயத்தை வெட்டினாற்போல அடுக்கடுக்காக வெள்ளைச் செதில்கள், அடியில் வேர் கிளம்பும் தட்டையான கெட்டிப் பகுதி, அதன் மேல் நட்டநடுவில் வெளிர்மஞ்சளாக ஒரு முளை. அந்த முளையை ஊசியால் மெல்லப் பிரித்தால் இலைகளுக்கு நடுவே அரிசிமணி போல ஒரு மொட்டு இருக்கும். வரும் வசந்தத்தில் நீங்கள் பார்க்கப்போகும் பூ அதுதான். இன்னும் குழியே தோண்டவில்லை, ஆனால் பூ உள்ளே உருவாகிவிட்டது.

இதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் டாஃபடில் வளர்ப்பில் பாதி விஷயம் புரிந்துவிடும். அந்த மொட்டு உருவானது போன வசந்தத்தில் பூவெல்லாம் வாடிய பிறகு, பார்க்க அழகில்லாமல் சாய்ந்து கிடந்த இலைகள் வெயிலில் சமைத்துக் கிழங்குக்கு அனுப்பிய சத்தில். அதாவது இந்த வருடம் இலையை எப்படி நடத்துகிறோமோ அப்படித்தான் அடுத்த வருடம் பூ. எனக்கு இது தெரியாத காலத்தில், பூ முடிந்த இரண்டாவது வாரமே புல்லோடு சேர்த்து எல்லா இலைகளையும் அறுத்துவிட்டேன். அடுத்த வசந்தத்தில் அந்த இடம் முழுக்க இலை வந்தது, பூ மூன்றோ நான்கோதான். கிழங்கு கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துத் தோண்டிப் பார்த்தேன். கெடவில்லை, எல்லாம் இளைத்துப்போய்ச் சின்னதாக இருந்தன.

கிராமத்துத் தோட்டத்தில் இதற்கு ஒரு வசதி உண்டு. நகரத்து வீட்டு முன்புறம் போல எல்லாவற்றையும் எந்நேரமும் ஒழுங்காக வைத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு மூலையில் இரண்டு மாதம் புல் வளர்ந்து கிடந்தால் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. பழமரங்களுக்கு அடியில், வேலியோரத்தில், வரப்பு மேட்டில், ஓடைக்கரைச் சரிவில் என்று இடமும் நிறைய. அப்புறம் முயல், மான், அணில், எலி எதுவும் பொதுவாக இதைத் தொடுவதில்லை, ஏனென்றால் செடி முழுக்க விஷம். டியூலிப் வைத்து முயலுக்குக் கொடுத்து வெறுத்துப்போனவர்களுக்கு நான் முதலில் சொல்வது டாஃபடில்தான்.

கிழங்கு வாங்கும்போது

கையில் எடுத்தால் கனமாக இருக்க வேண்டும். கட்டைவிரலால் அடித்தட்டை அழுத்திப் பாருங்கள், அமுங்கினால் வேண்டாம், அழுகல் அங்கேதான் தொடங்கும். கழுத்துப் பகுதியையும் அதேபோல அழுத்திப் பார்க்க வேண்டும். மேல் தோல் உரிந்திருப்பதோ லேசாகக் கிழிந்திருப்பதோ பெரிய குறை இல்லை. பெரிய பூ பூக்கும் வகைகளுக்கு 12 முதல் 16 செ.மீ. சுற்றளவுள்ள கிழங்கு நல்லது. ஒரே அடித்தட்டில் இரண்டு மூக்கு, அதாவது முளை வரும் இரண்டு கூர்முனை, ஒட்டியிருக்கும் கிழங்கு கிடைத்தால் விடாதீர்கள், முதல் வருடமே இரண்டு பூத்தண்டாவது வரும். குட்டை வகைகளின் கிழங்கு இயல்பிலேயே சிறியது, அதை இந்த அளவோடு ஒப்பிட வேண்டாம்.

வகைகளைப் பற்றி எழுத ஆரம்பித்தால் முடிவே இல்லை. பதிவு செய்யப்பட்ட பெயர்கள் மட்டும் 25,000-க்கு மேல். இங்கிலாந்தின் தோட்டக்கலைச் சங்கமான ராயல் ஹார்டிகல்ச்சரல் சொசைட்டி அவற்றையெல்லாம் 13 பிரிவுகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. நமக்கு அவ்வளவு வேண்டாம். முன்னால் பூப்பது, நடுவில் பூப்பது, கடைசியில் பூப்பது என்று மூன்று வகை எடுத்துக்கொண்டால் குளிர்காலக் கடைசியிலிருந்து ஏறக்குறைய இரண்டு மாதம் தோட்டத்தில் ஏதாவது ஒரு டாஃபடில் பூத்துக்கொண்டே இருக்கும். முன்னால் வருவதற்கு ‘பிப்ரவரி கோல்டு’, ‘டேட்-ஆ-டேட்’. இந்த இரண்டாவது ஒரு சாண் உயரம்தான் வரும், பலத்த காற்றுக்கும் சாயாது, ஒரே தண்டில் இரண்டு பூகூட விடும். நடுவில் ‘கார்ல்டன்’, ‘டச் மாஸ்டர்’, ‘ஐஸ் ஃபாலீஸ்’. கடைசியில் வெள்ளை இதழும் நடுவில் சிவப்பு விளிம்பிட்ட சிறு கிண்ணமும் கொண்ட ‘ஆக்டியா’. எனக்கு மிகப் பிடித்தது இதுதான், மணம் அப்படி இருக்கும். ‘தாலியா’ முழு வெள்ளை, தண்டுக்கு இரண்டு மூன்று பூ தலைகுனிந்து நிற்கும், அந்தி வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

‘கிங் ஆல்ஃபிரட்’ என்ற பெயரில் எங்கும் கிழங்கு விற்பார்கள். அது 1899-லேயே அறிமுகமாகிப் புகழ்பெற்ற பழைய வகை, இன்று அந்தப் பெயரில் விற்கப்படுவது பெரும்பாலும் அதே தோற்றமுள்ள வேறு பெரிய மஞ்சள் வகைகள். பூ நன்றாகத்தான் இருக்கும், ஆனால் பெயரை நம்பிக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். அடுக்கு இதழ் வகைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை: தலை கனமாக இருப்பதால் மழைக்கும் காற்றுக்கும் மண்ணைத் தொட்டுவிடும், வசந்தம் காய்ந்து சூடானால் மொட்டிலேயே கருகிவிடும். அவற்றை வீட்டுச் சுவர் ஓரம் பாத்தியில் வைத்துக்கொள்ளலாம், திறந்த புல்வெளிக்கு ஒற்றை இதழ்தான் சரி.

இடமும் மண்ணும்

டாஃபடிலின் காட்டு இனங்களில் பெரும்பாலானவை ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருக்கும் ஐபீரியத் தீபகற்பத்தைச் சேர்ந்தவை. மலைப் புல்வெளி, இலையுதிர் மரங்களின் அடி, ஓடையோரம் ஆகியவைதான் அவற்றின் வீடு. குளிர்காலமும் வசந்தமும் ஈரம், கோடை வறட்சி, அதனால் கோடையில் மண்ணுக்கடியில் போய்த் தூங்கிவிடுவது என்று பழகிய செடி. இந்த ஒரு விஷயத்தை வைத்தே தண்ணீர் எப்போது விட வேண்டும், எப்போது விடக்கூடாது என்று சொல்லிவிடலாம்: வேர் விடும்போதும் இலை பச்சையாக நிற்கும்போதும் ஈரம் வேண்டும், இலை காய்ந்த பிறகு வேண்டாம்.

நாளில் பாதி நேரமாவது வெயில் படும் இடம் தேவை. ஆனால் எப்போது வெயில் என்று பார்க்க வேண்டும். குளிரில் இலை உதிர்க்கும் மரத்தின் அடி கோடையில் இருட்டாக இருந்தாலும் டாஃபடிலுக்கு நல்ல இடம்தான், மரம் துளிர்த்துக் கூரை போடுவதற்குள் இது பூத்து இலையின் வேலையையும் பெரும்பகுதி முடித்துவிடும். ஆண்டு முழுக்க இலை மூடிய மரத்தடியில் வைத்தால் இரண்டு வருடத்தில் பூ நின்றுவிடும். பூ வெயில் வரும் பக்கம் திரும்பும் என்பதையும் மறக்காதீர்கள். வீட்டிலிருந்து பார்த்தால் பூவின் முகம் தெரிய வேண்டுமானால் வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து செடிமேல் படுகிற மாதிரி இடம் பாருங்கள், இல்லாவிட்டால் வருடா வருடம் பூவின் பின்பக்கத்தைத்தான் பார்ப்பீர்கள்.

மண் பெரும்பாலும் எதுவானாலும் சரி, தண்ணீர் தேங்கக்கூடாது. லேசான புளிப்புத் தன்மையிலிருந்து நடுநிலை வரை இருந்தால் போதும். சந்தேகமாக இருந்தால் முழங்கை ஆழம் ஒரு குழி தோண்டித் தண்ணீர் நிரப்பி வையுங்கள், மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் அது டாஃபடிலுக்கு இடமில்லை. கெட்டிக் களிமண்தான் இருக்கிறது, வேறு வழியில்லை என்றால் ஒரு சாண் உயர்த்தி மேட்டுப்பாத்தி போட்டு நிறைய மக்கிய இலைக்குப்பையைக் கலந்துவிடுங்கள். சரிவு நிலம் இருந்தால் சரிவிலேயே நடுங்கள்.

கால்நடை வைத்திருப்பவர்கள் செய்யும் ஒரு தவறு, கொட்டிலிலிருந்து வந்த பச்சைச் சாணத்தைக் குழியில் போடுவது. மற்ற செடிகளுக்கு எப்படியோ, கிழங்குக்கு அது நேராக அழுகலைக் கூட்டி வரும், தழைச்சத்து மிஞ்சி இலைதான் கொழிக்கும். ஒரு வருடமாவது மக்கி, கையில் எடுத்தால் மண்வாசனை மட்டும் வருகிற தொழுவுரம் என்றால் மண்ணோடு கலக்கலாம், அதுவும் கிழங்கைத் தொடாத ஆழத்தில்.

நடும் காலமும் ஆழமும்

வட அரைக்கோளத்தில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை, தென் அரைக்கோளத்தில் மார்ச் முதல் மே வரை. கோடையின் சூடு மண்ணைவிட்டு இறங்கிய பிறகு, மண் உறைவதற்கு முன்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள். மண் 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் அழுகல் பூஞ்சையின் வேகம் குறையும், வேர் நன்றாக இறங்கும். டியூலிப்பைக் கொஞ்சம் தாமதமாக நடலாம், டாஃபடில் அப்படி இல்லை. அது குளிர் முற்றுவதற்குள் வேர்விட்டு நிலைகொள்ள வேண்டும், அதனால் நடுவதற்கு உகந்த காலத்தின் முதல் பாதியிலேயே முடித்துவிடுவது நல்லது. வேலைகள் குவிந்து தாமதமாகிவிட்டால் கிழங்கை அடுத்த வருடத்துக்கு என்று எடுத்து வைக்காதீர்கள், அது தாங்காது. எவ்வளவு தாமதமானாலும் மண்ணில் போட்டுவிடுங்கள். முதல் வருடம் பூ குட்டையாக வந்தாலும் அடுத்த வருடம் சரியாகிவிடும்.

ஆழம்தான் பலரும் ஏமாறும் இடம். கிழங்கின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு மண் அதன் மூக்குக்கு மேல் இருக்க வேண்டும். 5 செ.மீ. கிழங்கு என்றால் குழி 15 செ.மீ. மணல் கலந்த லேசான மண்ணில் இன்னும் கொஞ்சம் ஆழம், கனத்த மண்ணில் கொஞ்சம் குறைவு. மேலாக நட்டால் கிழங்கு சீக்கிரம் சீக்கிரமாகக் குட்டி போட்டுப் பிரிந்து, எல்லாம் பூக்காத சிறு கிழங்காகிவிடும், கோடைச் சூடும் நேராகத் தாக்கும். டாஃபடில் வேர்கள் சுருங்கிக் கிழங்கைக் கீழே இழுத்துக்கொள்ளும் என்பது உண்மைதான், ஆனால் அந்த வேலைக்குச் செலவாகும் சக்தி பூவுக்குப் போக வேண்டியது.

கூர்முனை மேலே, தட்டையான பக்கம் கீழே. கிழங்குக்குக் கிழங்கு 10 முதல் 15 செ.மீ. இடைவெளி. ஒவ்வொன்றுக்கும் தனிக் குழி தோண்டுவதைவிட, பாத்தியில் ஒரு முறம் அளவுக்கு அகலமான குழி வெட்டி, அடி மண்ணைக் கொத்திவிட்டு, ஏழோ ஒன்பதோ கிழங்குகளைக் கலைந்தாற்போல வைத்து மூடினால் வேலையும் சுலபம், பூக்கும்போது ஒரு கொத்தாக நின்று கண்ணை நிறைக்கும். வரிசை கட்டி நடாதீர்கள். ஒரு கிழங்கு தவறினாலும் பல் விழுந்த மாதிரி தெரியும், அதோடு வரிசை இந்தப் பூவின் குணத்துக்கே ஒட்டாது. குழியை மூடும்போது மண்ணைக் காலால் லேசாக அழுத்திவிட்டு ஒருமுறை நன்றாகத் தண்ணீர் ஊற்றுங்கள். அதன்பின் மழை இருந்தால் வசந்தம் வரை மறந்துவிடலாம். கோழிகள் சுற்றும் தோட்டமானால் புது மண்ணைக் கிளறாமல் இருக்க அந்த இடத்தின் மேல் சில மாதம் முள்கிளைகளைப் போட்டு வையுங்கள்.

புல்லுக்குள் நடுவது

கிராமத்துத் தோட்டத்தில் டாஃபடிலுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை என்றே சொல்வேன். பாத்தியில் நிற்கும்போது பூ அழகுதான், ஆனால் பழத்தோட்டத்துப் புல்லுக்குள் அங்கங்கே சிதறி நிற்கும்போது யாரும் நடாமல் தானாக முளைத்தது போல இருக்கும்.

அந்தச் சிதறலைக் கையால் அளந்து கொண்டுவர முடியாது. பழைய முறை ஒன்று உண்டு, அதைத்தான் நானும் செய்கிறேன்: ஒரு கூடைக் கிழங்கை எடுத்துக்கொண்டு நின்ற இடத்திலிருந்து மெல்ல உருட்டிவிட வேண்டும். எது எங்கே போய் நிற்கிறதோ அங்கேயே குழி. நடுவில் நெருக்கமாகவும் ஓரங்களில் ஒன்றிரண்டாகவும் விழும், அதுதான் வேண்டும். கைக்கு அரிப்பு வரும் என்பதால் கையுறை இங்கேயும் தேவை. இரண்டு கிழங்கு ஒட்டி விழுந்தால் மட்டும் ஒன்றைச் சற்றுத் தள்ளி வையுங்கள், மற்றபடி ‘இங்கே கொஞ்சம் வெறுமையாக இருக்கிறதே’ என்று திருத்தப் போகாதீர்கள்.

குழிக்கு மண்வெட்டியின் முனையால் புல்லோடு சேர்த்து மூன்று பக்கம் வெட்டி, பெட்டி மூடியைத் திறப்பது போல மண்கட்டியை மடித்துத் திறந்து, அடியை இளக்கி, கிழங்கை வைத்து, மூடியை மறுபடி சாத்தி மிதித்துவிடுவது ஒரு வழி. நிலம் இறுகியிருந்தால் கடப்பாரையால் குத்தித் துளை போடுவார்கள். அப்படிச் செய்தால் துளையின் அடி கூம்பாக இருக்கும், கிழங்கு நடுவில் தொங்கி அடியில் காற்று நிற்கும். அதனால் துளைக்குள் ஒரு பிடி இளக்கிய மண் போட்டு அடியைச் சமமாக்கிய பிறகே கிழங்கை இறக்குங்கள்.

எந்த இடத்தில் நடுவது என்று முடிவெடுக்கும் முன், அந்தப் புல்லை நீங்கள் எப்போது அறுக்க வேண்டியிருக்கும் என்று யோசியுங்கள். பூ முடிந்து குறைந்தது ஆறு வாரம் அறுக்க முடியாது. நடைபாதைப் புல், துணி காயவைக்கும் இடம், பிள்ளைகள் ஓடி விளையாடும் இடம் இதெல்லாம் ஆகாது. நான் டாஃபடில் நிற்கும் பகுதியைச் சுற்றி ஓர் ஆள் நடக்கும் அகலத்துக்கு மட்டும் புல்லை ஒட்ட வெட்டி வைப்பேன். உள்ளே எவ்வளவு வளர்ந்தாலும் அந்த வெட்டிய ஓரம் இருப்பதால் கவனிப்பாரற்ற இடம் என்று யாருக்கும் தோன்றாது. புல் மிக வீரியமான இடமானால் குட்டை வகைகள் மூழ்கிவிடும், ‘கார்ல்டன்’ மாதிரி வலுவானதைப் போடுங்கள். முளை எட்டிப் பார்க்கும் முன், குளிர்காலத் தொடக்கத்தில், புல்லை ஒருமுறை தாழ அறுத்துவிட்டால் வசந்தத்தில் பூ எடுப்பாகத் தெரியும்.

பூத்த பிறகுதான் வேலை

பூ வாடியதும் பூவையும் அதன் பின்னால் பச்சையாகப் பருக்கும் விதைப்பையையும் கிள்ளிவிடுங்கள், விதைக்குப் போகும் சத்து கிழங்கில் தங்கும். தண்டை விட்டுவிடலாம், அதுவும் பச்சைதான், அதுவும் சமைக்கிறது. புல்லுக்குள் நூற்றுக்கணக்கில் இருந்தால் ஒவ்வொன்றாகக் கிள்ள முடியாது, பரவாயில்லை. காட்டு இனங்கள் என்றால் விதைக்கவே விடுங்கள், தானாகப் பரவும். விதையிலிருந்து வரும் செடி பூக்க ஐந்து வருடம், சில சமயம் அதற்கும் மேலாகும்.

இப்போது இலை. பூ முடிந்த நாளிலிருந்து குறைந்தது ஆறு வாரம் அதன்மேல் கத்தி படக்கூடாது. தானாக மஞ்சளாகி, இழுத்தால் கையோடு வருகிற பதம் வரும்வரை விட்டால் இன்னும் நல்லது. பலர் பார்வைக்காக இலைகளைச் சேர்த்து முடிச்சுப் போடுவார்கள், சடை பின்னுவார்கள், ரப்பர் பட்டை மாட்டுவார்கள். தயவுசெய்து வேண்டாம். மடங்கிய இலைக்குள் வெயில் போகாது, நரம்பு நசுங்கும், அது வெட்டியதற்குப் பாதி சமம். கண்ணுக்கு உறுத்தினால் வேறு வழி இருக்கிறது: டாஃபடில் கொத்துக்கு முன்னால், வசந்தக் கடைசியில் தழைத்து விரியும் பல்லாண்டுச் செடி எதையாவது வையுங்கள். டாஃபடில் இலை சாயும் நேரத்தில் அது எழுந்து மறைத்துவிடும்.

இந்த ஆறு வாரத்தில் மழை இல்லாமல் மண் காய்ந்தால் வாரம் ஒருமுறை ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். பூக்கும்போது தண்ணீர் விடுகிறவர்கள் பூ முடிந்ததும் நிறுத்திவிடுகிறார்கள், நேர்மாறாக இருக்க வேண்டியது. உரமும் இப்போதுதான். தழைச்சத்து குறைந்து சாம்பல்சத்து கூடிய உரமாக இருக்கட்டும், தக்காளிக்குப் போடும் திரவ உரம் பொருந்தும். விறகடுப்புச் சாம்பல் இருந்தால் ஒரு கொத்துக்கு ஒரு கைப்பிடி தூவி மண்ணைக் கிளறிவிடலாம், ஆனால் மண் ஏற்கெனவே சுண்ணாம்புத் தன்மையுள்ளதாக இருந்தால் சாம்பல் வேண்டாம்.

இலை முழுதும் காய்ந்ததும் அதை அகற்றிவிட்டு, அது இருந்த இடத்தில் தெரியும் துளையை மண் தள்ளி அழுத்தி மூடுங்கள். இது சின்ன வேலையாகத் தோன்றும், ஆனால் காரணம் உண்டு. சின்ன வண்டுத்தேனீ மாதிரி இருக்கும் ஓர் ஈ, நார்சிசஸ் ஈ என்பார்கள், கோடைத் தொடக்க வெயிலில் வாடும் இலைகளின் அடியில் முட்டையிடும். புழு கீழே இறங்கிக் கிழங்குக்குள் புகுந்து நடுவைத் தின்றுவிடும், ஒரு கிழங்குக்கு ஒரு புழு போதும். அப்புறம் அங்கிருந்து புல் மாதிரி மெல்லிய இலை மட்டும் வரும். துளை மூடியிருந்தால் புழு இறங்குவது கடினம்.

இலை வந்தும் பூ வரவில்லை என்றால்

முதலில் இலையைச் சீக்கிரம் அறுத்தீர்களா என்று நினைத்துப் பாருங்கள். இல்லையென்றால் கூட்டம். பல வருடமாகத் தொடாத கொத்து என்றால் உள்ளே கிழங்குகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டிருக்கும். இரண்டும் இல்லையென்றால் மேலாக நட்டது, நிழல் அதிகமானது, போன வசந்தம் காய்ந்து போனது இவற்றில் ஏதோ ஒன்று. ஒரு நல்ல செய்தி, பூக்காத கிழங்கு செத்த கிழங்கு இல்லை. குறை எதுவோ அதைச் சரிசெய்து இரண்டு வசந்தம் இலையை முழுதாக நிற்கவிட்டால் பெரும்பாலும் திரும்பப் பூக்கும். நான் அறுத்துக் கெடுத்ததும் மூன்றாவது வருடம் முழுதாகப் பூத்தது.

நோய் என்றால் கதை வேறு. இலையில் மஞ்சள் புடைப்புகள், திருகல், கிழங்கைக் குறுக்கே வெட்டினால் பழுப்பு வளையங்கள், இவை தெரிந்தால் அது தண்டு நூற்புழு என்ற நுண்ணிய புழுவின் வேலை. அந்தக் கொத்தை அக்கம்பக்கக் கிழங்குகளோடு தோண்டி எரித்துவிடுங்கள், எருக்குழியில் போடாதீர்கள், சில வருடம் அங்கே மறுபடி டாஃபடில் வைக்கவும் வேண்டாம். அடித்தட்டிலிருந்து மேல்நோக்கிச் சிவப்புப் பழுப்பாக அழுகி வந்தால் அது ஃபியூசேரியம் பூஞ்சை. சூடான மண்ணும் தழைச்சத்து மிகுதியும் அதற்குப் பிடிக்கும்.

குளிரே இல்லாத இடத்தில்

உள்ளே உருவான மொட்டு நீண்ட தண்டோடு வெளியே வர, பெரிய மஞ்சள் வகைகளுக்கு 12 முதல் 16 வாரம் குளிர் தேவை, ஏறக்குறைய 9 டிகிரிக்குக் கீழே. அது கிடைக்காத ஊரில் மண்ணில் நட்டால் இலைக்குள்ளேயே பூ மாட்டிக்கொள்ளும், அல்லது வராது. குளிர்சாதனப் பெட்டியின் காய்கறித் தட்டில் காகிதப் பையில் அத்தனை வாரம் வைத்துவிட்டு நடலாம். கூடவே பழம் எதையும் வைக்காதீர்கள், பழுக்கும்போது வரும் எத்திலீன் வாயு மொட்டைக் கருக்கிவிடும். பையின் மேல் ‘விஷம், சமைக்கக் கூடாது’ என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். இப்படி வளர்ப்பது ஒரு வருடப் பூவுக்குத்தான், மறுவருடம் மறுபடி அதே வேலை.

அதைவிட டசெட்டா வகையைத் தேர்ந்தெடுங்கள் என்றுதான் சொல்வேன். ஒரே தண்டில் கொத்தாகச் சிறு பூக்கள், கனத்த மணம். ‘பேப்பர்வொயிட்’ என்று விற்பதும் இதுதான். இதற்குக் குளிர் வேண்டியதில்லை, கோடையில் மண் நன்றாகக் காய்ந்து சுட வேண்டும் என்பதே இதன் தேவை. ஜான்குவில் வகைகளும் மற்றவற்றைவிட வெப்பத்தைத் தாங்கும்.

விஷம், பறிப்பது

கிழங்கில் லைக்கோரின் போன்ற ஆல்கலாய்டுகள் என்ற விஷ வேதிப்பொருள்கள் உண்டு, தின்றால் கடும் வாந்தி வரும். அல்சைமர் நோய்க்குத் தரும் கலன்டமின் என்ற மருந்தும் இதே குடும்பத்து வேதிப்பொருள்தான், வேல்ஸ் மலைப்பகுதியில் அதை எடுப்பதற்காகவே டாஃபடில் பயிரிடுகிறார்கள். ஆனால் வீட்டில் அது மருந்து இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது நெதர்லாந்தில் தீவனமில்லாமல் மாடுகளுக்கு இந்தக் கிழங்கைப் போட்டு மாடுகள் விஷமேறிய வரலாறு உண்டு. மேய்ச்சல் நிலத்தில் நட்டால் மாடும் ஆடும் பச்சை இலையைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடும், ஆனால் தோண்டிய கிழங்குக் குவியலை அவற்றின் கண்ணில் படும்படி விடாதீர்கள். நாய்க்கும் அப்படியே.

தண்டை உடைத்தால் வழியும் கோழையில் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கும், நிறையப் பறிப்பவர்களுக்குக் கையில் தடிப்பும் அரிப்பும் வருவது அதனால்தான். வீட்டுக்குப் பறிப்பதானால் மொட்டு நிறம் காட்டித் தண்டிலிருந்து வாத்துக் கழுத்து மாதிரி வளைந்து நிற்கும்போது, இலையைத் தொடாமல் தண்டை மட்டும் அடியில் ஒடித்து எடுங்கள், தண்ணீரில் வைத்தால் விரியும். அந்தக் கோழை மற்ற பூக்களைச் சீக்கிரம் வாடவைக்கும். அதனால் ஓர் இரவு தனித் தண்ணீரில் நிறுத்தி வைத்துவிட்டு, தண்டை மறுபடி வெட்டாமல் மற்ற பூக்களோடு சேருங்கள்.

பிரித்து நடுவது

நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை, அல்லது பூ குறைய ஆரம்பித்ததும். பூத்திருக்கும்போதே நெருக்கமான கொத்துகளின் பக்கத்தில் ஒரு குச்சியை ஊன்றி வையுங்கள், இலை காய்ந்தபின் எது எங்கே என்று தெரியாது. இலை முக்கால்வாசி மஞ்சளானதும் கொத்திலிருந்து ஒரு சாண் தள்ளி முள்மண்வெட்டியை இறக்கி, அடியிலிருந்து மொத்தமாக நெம்பி எடுங்கள். நேராகக் குத்தினால் நல்ல கிழங்கு இரண்டாகும். மண்ணை உதிர்த்துப் பார்த்தால் பெரிய தாய்க்கிழங்கின் விலாவில் குட்டிகள் ஒட்டியிருக்கும். கையால் அசைத்தால் தானாகக் கழன்று வருவதை மட்டும் பிரியுங்கள், ஒரே தோலுக்குள் இருப்பதைப் பிய்த்தால் அடித்தட்டு கிழிந்து அழுகல் நுழையும். பெரியவற்றைப் பூக்க வேண்டிய இடத்துக்கும், பூண்டுப்பல் அளவுள்ளவற்றை ஓர் ஓரப் பாத்திக்கும் ஒதுக்குங்கள், அவை இரண்டு மூன்று வருடத்தில் பூக்கும் அளவுக்கு வரும். மெத்தென்று இருப்பதை எடுத்துவிடுங்கள்.

அன்றே திரும்ப நட்டுவிடலாம், அதுதான் எளிது. இலையுதிர் காலம் வரை வைத்திருப்பதானால் வெயில் படாத, காற்றோடும் இடத்தில் ஒரு வாரம் பரப்பிக் காயவைத்து, வலைப்பையில் போட்டுக் கொட்டகைக் கூரையில் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், வியர்த்துப் பூசணம் பிடிக்கும். வகையின் பெயரை ஓர் அட்டையில் எழுதிப் பைக்குள் போட்டு, வெங்காயம் தொங்கும் கயிற்றிலிருந்து நன்றாகத் தள்ளி, வேறு மூலையில் மாட்டுங்கள்.